பின்சீற்றில் இருந்தவர்

ஆமி மறித்துச் சோதிக்கிற சென்றிகளைப் பற்றி எனக்கு ஒருவரும் சொல்லித்தர வேண்டியதில்லை என்று மார் தட்டிக்கொண்டு திரிந்தவன் நான். மன்னாருக்கும் வவுனியாவுக்கும் இடையில் ஆறு வருடம் வான் ஓடியிருக்கிறேன். றோட்டில் மரக்குற்றியைப் போட்டு மறித்து நிற்கிற ஆமிக்காரனின் முகத்தைத் தூரத்தில் பார்த்தே, இவன் சிகரட் கேட்பான், இவன் அடிப்பான், இவன் தானே பயந்துபோய் நிற்கிறான், இவனிடம்தான் ஆகக் கவனமாக இருக்கவேண்டும் என்று சொல்லிவிடுவேன். அந்தக் கெட்டித்தனம் முப்பத்தைந்து வருடம் கழித்து, மொன்றியலில், பட்டப்பகல் மூன்று மணிக்கு, என் மருமகனின் உயிரை எடுக்கப் பார்த்தது.

மருமகன் என்று இப்போது எழுதுகிறேன். அன்று வரைக்கும் அந்தச் சொல்லை வீட்டுக்கு வெளியே நான் பாவித்ததில்லை.

வான் ஓடிய காலத்தில் இரண்டு விதி வைத்திருந்தேன். மறித்தால், அவன் கத்துவதற்கு முன்னமே இறங்கிவிட வேண்டும். அடையாள அட்டையைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தலையைக் குனிந்து நடந்து போகவேண்டும். உள்ளே குந்திக்கொண்டு இருக்கிறவன் எதையோ ஒளிக்கிறான் என்று அர்த்தம். அடுத்தது, பயணிகளில் யாரையாவது காட்டி இவனைத் தெரியுமா என்று கேட்டால், தெரியாது. றோட்டில் கை காட்டினான், ஏற்றினேன், வேறொன்றும் தெரியாது. இந்த இரண்டாலும்தான் நான் கையும் காலும் முழுதாக இந்த நாட்டுக்கு வந்து சேர்ந்தேன். அம்புறோஸ் அண்ணை கெட்டிக்காரன் என்று அந்த நாளில் சொல்லாதவர்கள் இல்லை.

என் மகள் றெஜினா இங்கே பிறந்தவள். லொங்குய்யில் ஒரு பல் வைத்தியரிடம் வேலை செய்கிறாள். நான்கு வருடத்துக்கு முன் வில்னே என்கிற பெடியனைக் கட்டினாள். அவனும் இங்கே பிறந்தவன்தான், தாய் தகப்பன் ஹெயிற்றியில் இருந்து வந்தவர்கள். உயர்ந்த கட்டடங்களில் லிப்ற் திருத்துவது அவன் தொழில். ஆள் வாசலை அடைக்கிற உயரம். குரலோ றேடியோவைக் குறைத்து வைத்தது போல. குடிக்க மாட்டான், சத்தம் போட மாட்டான். என் மனைவி அக்னெஸ் வைக்கிற நண்டுக்கறியை மூக்கைத் துடைத்துத் துடைத்து, வியர்த்து வழிய வழியச் சாப்பிடுவான். அக்னெசுக்கு அது போதும். எனக்குப் போதவில்லை. கறுவல் என்றுதான் அவனைப் பற்றி அவளிடம் கதைப்பேன். என் நிறம் ஒன்றும் பசும்பால் இல்லை. சாப்பாட்டு மேசையில் அவன் கையும் என் கையும் பக்கத்தில் கிடந்தால் எது யாருடையது என்று மோதிரத்தைப் பார்த்துத்தான் சொல்லவேண்டும். அக்னெஸ் இதை ஒரு தடவை சொல்லிக் காட்டினாள். இரண்டு நாள் நான் அவளோடு கதைக்கவில்லை.

கலியாணம் மொன்றியல் நோர் பக்கம் அவர்களுடைய கோயிலில் நடந்தது. போனேன், சாப்பிட்டேன், வந்தேன். எங்கள் ஆட்களுக்கு, சின்னதாகச் செய்தோம் என்று சொன்னேன். வீட்டுச் சுவரில் றெஜினா மணப்பெண் உடுப்போடு தனியே நிற்கிற படம்தான் தொங்குகிறது. மருமகன் என்ன செய்கிறார் என்று யாராவது கேட்டால், லிப்ற் கொம்பனி என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிடுவேன். சனத்தின் வாய்க்கு நான் அவ்வளவு பயந்தவன். அதைப் பயம் என்று அப்போது நினைக்கவில்லை, மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

வில்னேயின் காரில் ஏறினால் ஒரு சடங்கு உண்டு. லைசென்ஸ், கார்ப்பதிவு, இன்சூரன்ஸ் மூன்றையும் ஒரு பிளாஸ்ரிக் உறையில் போட்டு, தலைக்கு மேலே வெயில் மறைக்கிற தட்டில் செருகி வைத்திருப்பான். பொலிஸ் கேட்கிற நேரத்தில் கை முன்சீற்றுக்கு முன்னால் இருக்கிற லாச்சிக்குள் போகக்கூடாது என்பதற்காக. குளிர்த்தொப்பியைக் கழற்றிவிட்டுத்தான் காரை எடுப்பான். நான் முதல் தடவை ஏறியபோது றெஜினாவை மொழிபெயர்க்கச் சொல்லி எனக்கு வகுப்பு எடுத்தான். மறித்தால் நான் அசையக்கூடாதாம், கதவைத் திறக்கக்கூடாதாம், இரண்டு கையையும் முழங்காலில் விரித்து வைத்துக்கொண்டு இருக்கவேண்டுமாம். வருடத்தில் எத்தனை தரம் மறிப்பார்கள் என்று கேட்டேன். போன வருடம் ஒன்பது என்றான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒன்பது நான் ஒரு நாளில் கண்ட எண்ணிக்கை.

"இவர் ஆமியைக் கண்டதில்லை. அதுதான் இந்தப் பயம்," என்று றெஜினாவிடம் சொன்னேன். அவள் அதை மொழிபெயர்க்கவில்லை.

அவனுக்குத் தமிழில் நான்கு சொல் தெரியும். மாமா, இருங்கோ, சாப்பிடுங்கோ, போதும் என்கிற காணும். நான்கும் அக்னெஸ் சாப்பாட்டு மேசையில் படிப்பித்தது. மற்றபடி அவனும் நானும் பிரெஞ்சில்தான் கதைப்போம். அவனுடையது பள்ளிக்கூடப் பிரெஞ்சு. என்னுடையது இருபத்திரண்டு வருடம் பிளாஸ்ரிக் தொழிற்சாலையில் மெஷின் சத்தத்துக்குள் பொறுக்கியது.

இந்த மார்ச் மாதம் அவர்களுக்கு ஆண்பிள்ளை பிறந்தது. அக்னெஸ் ஆஸ்பத்திரியில் இருந்து அழுது அழுது ரெலிபோன் எடுத்தாள். நான் கேட்ட முதல் கேள்வி, "காது ஓரம் என்ன நிறம்?"

எங்கள் பக்கத்தில் எல்லோரும் பார்ப்பதுதான். பிறந்த குழந்தை எல்லாம் சிவப்பாகத்தான் இருக்கும். காது மடலின் விளிம்பைப் பார்த்தால் பிறகு வரப்போகிற நிறம் தெரியும் என்பார்கள். பிள்ளை பார்க்க வருகிற மாமிமார் வாழ்த்துச் சொல்ல முன்னம் தொப்பியைத் தூக்கிக் காதைத்தான் பார்ப்பார்கள். அக்னெஸ், "தேப்பனைப் போலதான்," என்று சொல்லிவிட்டு ரெலிபோனை வைத்துவிட்டாள்.

அடுத்த நாள் ஆஸ்பத்திரிக்குப் போக முடியாதபடி எனக்குத் தடிமன், மூக்கடைப்பு வந்தது. அதற்கு அடுத்த நாள் முழங்கால் நோ. மூன்றாம் நாள் அக்னெஸ் விடிய எழும்பி, பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுரக்கவென்று சுறாவில் சரக்குக்கறி வைத்தாள். மிளகும் உள்ளியும் வேர்க்கொம்பும் வீடு முழுக்க மணத்தது. சூட்டுச் சட்டியோடு மெட்ரோவில் போக முடியாது, இரண்டரைக்கு வில்னே வந்து என்னையும் சட்டியையும் ஏற்றுவான் என்றாள். இன்றைக்கும் தடிமன் என்றால் தான் இனி ஆஸ்பத்திரியில் இருந்து நேரே மகள் வீட்டுக்குத்தான் போவதாகச் சொல்லிவிட்டு வெளிக்கிட்டாள். அவள் சொன்னால் செய்வாள்.

சரியாக இரண்டரைக்குச் சாம்பல் நிறக் கார் வந்து நின்றது. சட்டியைத் துவாயால் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இறங்கினேன். வாசல் படியில் கீழ்வீட்டு யோகேந்திரன் பனி உருக உப்புத் தூவிக்கொண்டு நின்றார். அவரிடம் ஒரு விஷயம் சொன்னால் பின்னேரத்துக்குள் ரொறன்ரோவுக்குப் போய், அங்கிருந்து லண்டனுக்கும் போய்விடும். காருக்குள் எட்டிப் பார்த்தார். ஆர் அது என்று கேட்டார்.

"ஊபர்," என்றேன்.

வாயில் இருந்து தானாக வழுக்கி விழுந்தது. சொன்ன பிறகு முன்சீற்றில் ஏற முடியுமா? வில்னே உள்ளே இருந்தபடி எட்டி முன்கதவைத் திறந்துவிட்டான். நான் அதைச் சாத்திவிட்டுப் பின்கதவைத் திறந்து ஏறினேன். முன்னால் சட்டிக்கு இடம் காணாது என்று முணுமுணுத்தேன். கண்ணாடியில் என்னைப் பார்த்தான். தொப்பியைக் கழற்றிப் பக்கத்துச் சீற்றில் வைத்துவிட்டுக் காரை எடுத்தான். யோகேந்திரன் கை காட்டினார். நானும் கை காட்டினேன்.

வழி முழுக்க வில்னே பிள்ளையைப் பற்றியே கதைத்தான். மூன்று நாள் நித்திரை இல்லாத முகம், ஆனால் குரலில் ஒரு துள்ளல். பிள்ளை கொட்டாவி விடுகிற விதத்தைச் செய்து காட்டினான். பிள்ளையின் இரண்டாவது பெயர் அம்புறோஸ் என்று வைத்திருக்கிறார்களாம், அவன்தான் றெஜினாவிடம் சொன்னானாம். சட்டியின் சூடு துவாயைத் தாண்டி மடியில் சுட்டுக்கொண்டிருந்தது.

ஆஸ்பத்திரிக்கு இன்னும் பத்து நிமிடம் இருக்கும். ஒரு சந்தியில் நின்ற பொலிஸ் கார் எங்களுக்குப் பின்னால் திரும்பியது. வில்னே அதை எனக்கு முன்னமே கண்டுவிட்டான். பாதிக் கதையில் நிறுத்தினான். இரண்டு கையும் ஸ்ரியரிங்கின் மேல் பக்கத்துக்கு ஏறின. அவன் கழுத்தில் ஒரு நரம்பு மெல்ல எழும்பி நின்றதைப் பின்னால் இருந்து பார்த்தேன். திரும்பிப் பார்க்க வேண்டாம் என்று மெதுவாகச் சொன்னான். ஒரு தெரு போனோம், பின்னால் வந்தது. வலது பக்கம் திரும்பினோம், திரும்பி வந்தது. மூன்றாவது தெருவிலும் பின்னால் வந்தது. எங்களை இல்லை, அவர்கள் தங்கள் பாட்டில் போகிறார்கள் என்று எனக்குள்ளேயே சொல்லிக்கொண்டேன். நான்காவது தெருவில் வெளிச்சம் சுழன்றது.

வில்னே கரையில் நிறுத்தி எஞ்சினை நிற்பாட்டினான். நான்கு கண்ணாடியையும் இறக்கினான். குளிர் உள்ளே பாய்ந்தது. கைகளை ஸ்ரியரிங்கின் மேல் வைத்து பத்து விரலையும் விரித்தான். சத்தம் உயராமல், தலையைத் திருப்பாமல், தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னான்.

"மாமா. இருங்கோ."

நான் இருந்திருக்க வேண்டும். வெறுமனே இருந்திருந்தால் போதும். ஆனால் பின்னால் இரண்டு கதவு திறந்து அடிபட்டது. பிறகு சப்பாத்துச் சத்தம், உப்பும் பனிச்சேறும் நறநறக்க இரண்டு பக்கத்தாலும் வருகிற சத்தம். அந்தச் சத்தத்தில் என் அறுபத்தேழு வயதும் மொன்றியலும் எங்கே போய் ஒளித்தனவோ தெரியாது. இறங்கு, கத்த முன்னம் இறங்கு என்று மட்டும் தலைக்குள் கேட்டது. என் கை கதவைத் திறந்துவிட்டது. சட்டியைத் துவாயோடு அணைத்தபடி இறங்கி, மற்றக் கையைக் கோட்டுக்குள் விட்டு அடையாள அட்டையைத் தேடினேன்.

அவர்கள் கத்திய கத்தலில் சட்டி கையை விட்டுப் போய்விட்டது. கையைத் தூக்கிக்கொண்டு நின்றேன். வயதான பொலிஸ்காரன் இடுப்பு உறையில் இருந்து துவக்கை இழுத்துவிட்டான். கண்ணை மூடினேன். ஒன்றும் நடக்காததால் திறந்து பார்த்தேன். கதவைத் திறந்து பாய்ந்தவன் நான். கோட்டுக்குள் கையை விட்டவன் நான். துவக்கு என்னைப் பார்க்கவில்லை. அசையாமல், பத்து விரலையும் விரித்துக்கொண்டு உள்ளே இருந்தவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

மற்றது ஒரு பொம்பிளைப் பொலிஸ், என் மகளின் வயது இருக்கும். என் முழங்கையைப் பிடித்துக் காரின் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனாள். எவ்வளவு மெதுவாகப் பிடித்தாள் என்பது இப்போதும் எனக்கு நினைவிருக்கிறது. பயப்பட வேண்டாம் மெசியு, இனி உங்களுக்கு ஒன்றும் நடக்காது, உங்களுக்கு எங்கேயும் அடிபட்டதா என்று கேட்டாள். என்னைக் காப்பாற்றிக்கொண்டிருப்பதாக அவள் நினைக்கிறாள் என்று எனக்கு விளங்கவில்லை. முன்னால் வில்னேயின் குரல் கேட்டது. அவர் என் மாமனார், பின்னால் இருப்பவர் என் மாமனார், ஆஸ்பத்திரிக்குப் போகிறோம் என்று ஒரே நிதானத்தில் சொல்லிக்கொண்டிருந்தான். மாமனார் ஏன் பின்சீற்றில் இருக்கிறார், மாமனார் ஏன் பாய்ந்து ஓடுகிறார் என்று வயதானவன் கேட்டான். அதற்குப் பதில் என்னிடம் இருந்தது.

அவள் என் முகத்துக்கு நேரே குனிந்து, வில்னேயைக் காட்டி, இந்த ஆளை உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டாள்.

"நோன்," என்றேன்.

தெரியாது என்று சொல்வது பொய் என்ற எண்ணமே எனக்கு வரவில்லை. தொண்ணூறாம் ஆண்டு ஒரு நாள், ஒரு சென்றியில், என் வானின் முன்சீற்றில் இருந்து பற்றிக் என்ற பெடியனை இறக்கி முழங்காலில் நிறுத்திவிட்டு, இதே கேள்வியை என்னிடம் கேட்டார்கள். சோதனை எழுதப் போனவன். அவன் தாய் என் கையைப் பிடித்து, கவனமாய்க் கொண்டுபோய் விடு தம்பி என்று சொல்லி ஏற்றிவிட்டவள். தெரியாது என்றேன். என்னைப் போகச் சொன்னார்கள். பற்றிக் பேந்து வரவேயில்லை. அந்த ஒரு சொல்லுக்காக நான் சுவாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தது கிடையாது. அதைச் சாரத்தியத்தின் ஒரு பகுதி என்றுதான் வைத்திருந்தேன்.

பொம்பிளைப் பொலிஸ் வயதானவனுக்குத் தலையை ஆட்டிக் காட்டினாள். அதற்குப் பிறகு எல்லாம் ஒரே விசையில் நடந்தது. கதவைத் திறந்து, வில்னேயை இழுத்து, பனிச்சேற்றில் குப்புறப் போட்டார்கள். முதுகில் முழங்கால் ஏறியது. விலங்கு பூட்டுகிற சத்தம் கேட்டது. அந்த நேரத்திலும் அவன் குரல் உயரவில்லை. நான் எதிர்க்கவில்லை, பேப்பர் மேலே தட்டில் இருக்கிறது, எனக்கு மூன்று நாள் வயதில் ஒரு பிள்ளை இருக்கிறது என்று சொன்னதையே திரும்பத் திரும்பச் சொன்னான். பாடமாக்கி வைத்திருந்தவன் போலச் சொன்னான். கடைசிச் சொற்களுக்கு மூச்சு வரவில்லை. கன்னம் உப்பில் அழுந்தியிருக்க, ஒரு கண் மட்டும் என்னைப் பார்த்தது. அதில் கோபம் இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். முப்பது மாடி உயரத்தில் கயிற்றில் தொங்கி வேலை செய்கிறவனின் கண். அதில் நான் கண்டது பயம்.

அப்போதுதான் எனக்குப் புத்தி வந்தது. ஐயோ, இவனைக் கொல்லப் போகிறார்கள், நான்தான் பிடித்துக் கொடுத்தேன். "என்ர மருமோன்," என்றேன். தமிழில் சொல்லுகிறேன் என்பதும் தெரியவில்லை. "அவர் என்ர மருமோன், பிள்ளை. விடுங்கோ." நான்கு வருடத்தில் முதல் தடவையாக அந்தச் சொல் வெளியே வருகிறது, விளங்கிக்கொள்ள அங்கே ஒருவரும் இல்லை. மருமகனுக்குப் பிரெஞ்சில் என்ன சொல்லுவார்கள் என்பது எனக்கு வரவில்லை. நான் அதைப் பாவித்திருந்தால் அல்லவா வரும்! என் மகள், குழந்தை, ஆஸ்பத்திரி என்று தொழிற்சாலைப் பிரெஞ்சில் உளறினேன். அவள் என் தோளைத் தடவினாள். அவனுக்குப் பயந்து அப்படிச் சொல்ல வேண்டாம், இப்போதுதான் தெரியாது என்றீர்களே என்றாள். படம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டாள். என் ரெலிபோனைத் திறந்து தேடினேன். மடு மாதா இருந்தார். றெஜினா இருந்தாள், தனியே. வில்னே ஒரு படத்திலும் இல்லை.

ஆண்டவரைத் தெரியாது என்று மறுத்த பேதுருவுக்காவது சேவல் கூவியது. மொன்றியலில் சேவல் ஏது? காருக்குள் வில்னேயின் ரெலிபோன்தான் அடித்தது. எங்களைக் காணவில்லை என்று றெஜினா எடுக்கிறாள். ஸ்ரியரிங்குக்குப் பக்கத்தில் கொழுவியிருந்த ரெலிபோனில் அவள் பெயரோடு ஒரு படம் பளிச்சென்று வந்தது. கலியாணப் படம். நடுவில் றெஜினா, ஒரு பக்கம் வில்னே, மற்றப் பக்கம் கோட்டும் சூட்டும் போட்டுக்கொண்டு முகத்தை உர்ரென்று வைத்திருக்கிற நான். என் வீட்டுச் சுவரில் இருந்து நான் வெட்டி எறிந்த மனிதன் என்னைத் தன் ரெலிபோனில் வைத்திருந்தான். பொம்பிளைப் பொலிஸ் படத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், திரும்பப் படத்தைப் பார்த்தாள். வயதானவனிடம் ஏதோ சொன்னாள். முழங்கால் முதுகில் இருந்து இறங்கியது.

பேப்பர் எல்லாவற்றையும் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு வந்து கொடுத்தார்கள். ஒரு பிழையும் இல்லை. ஏன் மறித்தீர்கள் என்று வில்னே கேட்டான், வழமையான சோதனை என்றார்கள். வயதானவன் விலங்கைக் கழற்றினான், மன்னிப்பு ஒன்றும் கேட்கவில்லை. புத்தி சொன்னது எனக்குத்தான். மெசியு, நீங்கள் காருக்குள் இருந்திருந்தால் இது ஒன்றும் நடந்திராது, தெரியாது என்று சொல்லாமல் இருந்திருந்தால் இவ்வளவு தூரம் வந்திராது என்றான். துவக்கை இழுத்தவன் அவன். ஆனாலும் அவன் சொன்னதில் என் பங்கு எனக்குத் தெரிந்தது.

அவர்கள் போன பிறகு வில்னே காரைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான். கோட்டின் முன்பக்கம் முழுக்கச் சேறு. பிறகு குனிந்து சட்டியை எடுத்தான். கறியில் பாதி பனியில் மஞ்சளாகப் பரவிக் கிடந்தது. மூடியைத் தேடி எடுத்துத் துடைத்து மூடினான். நான் முன்சீற்றில் ஏறினேன். கதவை எனக்கு யாரும் திறந்துவிடவில்லை.

ஆஸ்பத்திரி வரைக்கும் அவன் ஒன்றே ஒன்றுதான் சொன்னான். றெஜினாவுக்கு இதைச் சொல்லக்கூடாது. பிள்ளை பெற்றவள் பயந்தால் பால் கெட்டுவிடும் என்று அவன் தாய் சொல்லுவாளாம். எங்கள் ஆட்களும் அதைத்தான் சொல்லுவார்கள் என்று சொல்ல நினைத்தேன். மன்னிப்புக் கேட்கவும் நினைத்தேன். எந்த மொழியில் தொடங்குவதென்று தெரியாமல், அவன் மணிக்கட்டில் சிவந்து தடித்திருந்த இரண்டு வளையத்தையும் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

பிள்ளைப்பேற்று வார்ட்டின் கதவு எப்போதும் பூட்டித்தான் இருக்குமாம். வில்னேயின் கையில் தகப்பனுக்குரிய பட்டி இருந்தது. என்னிடம் ஒன்றும் இல்லை. மேசையில் இருந்த நேர்ஸ் என்னைக் காட்டி, இவரை உங்களுக்குத் தெரியுமா என்று வில்னேயைக் கேட்டாள். அவள் சாதாரணமாகக் கேட்டாள். அவன் சட்டியை ஒரு கையில் இருந்து மற்றக் கைக்கு மாற்றினான்.

தெரியும், என் மனைவியின் அப்பா என்றான்.

றோட்டில், துவக்குக்கு முன்னால், என் மாமனார் என்று சொன்னவன்.

அறைக்குள் போக முன்னம் கோட்டைக் கழற்றி, சேறு தெரியாமல் மடித்துக் கையில் போட்டுக்கொண்டான். ஸ்வெற்றரின் கையை விரல் வரைக்கும் இழுத்துவிட்டான். ஏன் இவ்வளவு நேரம் என்று றெஜினா கேட்டதற்கு, உன் அப்பா சட்டியை விழுத்திவிட்டார் என்று சிரித்தான். அந்தச் சிரிப்பை அவன் எங்கே இருந்து எடுத்தான் என்று எனக்குத் தெரியவில்லை. கன்னத்தில் என்ன கீறல் என்று அவள் கேட்டாள். சட்டியைப் பிடிக்கப் போய் வழுக்கினேன் என்றான். அக்னெஸ் என்னைத் திட்டிக்கொண்டே மிஞ்சிய கறியைச் சோற்றில் விட்டாள்.

பிறகு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தாள். மூன்று நாளாக அவள் வைத்திருந்த கோபம் முகத்தில் அப்படியே இருந்தது. பிள்ளையின் தொப்பியை ஒரு விரலால் மேலே தள்ளினாள்.

"கேட்டனீங்கள்தானே," என்றாள். "வடிவாய்ப் பாருங்கோ."

கையில் வாங்கிப் பார்த்தேன். சின்னக் காது, பாதி மடிந்து கிடந்தது. விளிம்பு நல்ல கறுப்பு. யோகேந்திரன் என்ன சொல்லுவார், ரொறன்ரோவில் என்ன சொல்லுவார்கள் என்பதெல்லாம் எனக்கு அந்த நேரத்தில் நினைவுக்கே வரவில்லை. இந்தப் பிள்ளை வளரும், உயரும், தகப்பனைப் போல வாசலை அடைக்கும். ஒரு நாள் காரை எடுத்துக்கொண்டு றோட்டில் இறங்கும். வழியில் யாரோ ஒருவன் அதைப் பார்த்துவிட்டுப் பின்னால் திரும்புவான். அந்த நேரம் பக்கத்தில் யார் இருப்பார்கள்? கேட்கிறபோது என்ன சொல்லுவார்கள்? தொப்பியைக் கீழே இழுத்து அந்தக் காதை மூடினேன்.

"அப்பா, உங்கட கை நடுங்குது," என்றாள் றெஜினா. கட்டிலில் இருந்தபடி இரண்டு கையையும் நீட்டினாள். பிள்ளையைக் கொடுத்துவிட்டேன்.

எங்கே நிற்பது, எங்கே பார்ப்பது என்று தெரியாமல் அறை நடுவில் நின்றேன். வில்னே சுவரோரம் கிடந்த கதிரையை இழுத்து எனக்குப் பின்னால் வைத்தான்.

"இருங்கோ," என்றான்.

காரில் அதற்கு முன்னால் வந்த மற்றச் சொல்லும் வரும் என்று காத்துக்கொண்டு நின்றேன். வரவில்லை. இருந்தேன். என் இரண்டு கையும் தாமாகவே முழங்காலுக்குப் போய், விரலை விரித்துக்கொண்டு, எல்லோருக்கும் தெரியக்கூடிய மாதிரி அசையாமல் கிடந்தன.